டிரைவருக்கு அனுப்பிய மெசேஜ்

ஆபீசில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். காலேஜில் வைத்த பெயர் அது. கூடப் படித்தவன் ஒருத்தன் அதே ஆபீசில் வந்து சேர்ந்தான். அவன் வாயில் எது தங்கும்? சேர்ந்த வாரமே பெயர் பரவிவிட்டது. பொருத்தமான பெயர்தான், குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் எழுதிக் கொடுக்கிற புரோகிராமை எங்கே ஓட்டை இருக்கிறது என்று குத்திக் குத்திப் பார்ப்பதுதான் அவள் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்கிற உத்தியோகம். வீட்டில் மாமியார்கள் சும்மாவே செய்கிற வேலை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டாள். எந்த புரோகிராம் வெளியே போவதாக இருந்தாலும் கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள்: "இதுக்குள்ள இருக்கிற போன் நம்பர் எல்லாம் யாரோடது?" ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் விடுவாள். புதுசாக வந்த பையன்களுக்கு இது பெரிய கேலி. "கடவுளோட நம்பர்க்கா, அடிச்சா எடுக்க மாட்டாரு" என்பான் ஒருத்தன். எல்லோரும் சிரிப்பார்கள். கூடப் படித்தவன் மட்டும் அந்த நேரத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அவனுக்குத் தெரியும்.

கதை காலேஜ் கடைசி வருஷத்தில் ஆரம்பித்தது. கடைசி வருஷத்தில் நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு புரோகிராம் செய்து காட்ட வேண்டும். பாடத்தை நடத்தினவருக்கு நிஜம் சார் என்று பெயர். வாயைத் திறந்தால் நிஜம், நிஜம். "நிஜமான ஆளுக்கு, நிஜமான வேலைக்குச் செய்யணும். சும்மா கற்பனையில கடை நடத்தாதீங்க" என்பார். யார் யாரோடு சேர வேண்டும் என்பதையும் அவரேதான் முடிவு செய்வார். "நாளைக்கு வேலைக்குப் போனா பக்கத்து சீட்டுக்காரனை நீயா பொறுக்கிக்குவ? வந்தவனோட மாரடிக்கணும். மார்க்கும் நாலு பேருக்கும் ஒண்ணுதான்."

அப்படி மாரடிக்க வந்த நாலு பேரில் தலைவனுக்கு மைக் என்று பெயர், கையில் கிடைத்தால் கீழே வைக்க மாட்டான். தூக்கம் என்று ஒருத்தன். பகலெல்லாம் தூங்குவான், ஆனால் புரோகிராமில் முக்கால்வாசி அவன் எழுதினதுதான். கலர் என்று ஒரு பெண். பொத்தான் பச்சையா நீலமா என்று ஒரு வாரம் சண்டை போடுவாள். நாலாவது ஊசி. அவளுக்கு மற்றவர்களைப் போல வேகமாக எழுத வராது. "நீ சோதிச்சுப் பாரு, போதும்" என்று ஓரமாக உட்கார வைத்தார்கள். ஓரமாக உட்கார்ந்தவள்தான் எல்லாவற்றையும் பார்த்தாள், ஒன்றைத் தவிர.

அவர்களுக்கு நிஜமான ஆளாகக் கிடைத்தது ஒரு டயாலிசிஸ் நிலையம். பெரிய ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் கூடத்துக்குப் பின்னால் நீளமான ஒரு அறை. கட்டிலுக்கு ஒரு மெஷின். சிறுநீரகம் கெட்டுப் போனவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். யாருக்கு என்றைக்கு முறை என்பதைக் கவனிப்பது அங்கே இருந்த நர்ஸ் அக்கா. முறை மாறினால் ஒவ்வொருத்தருக்கும் அவள்தான் போன் செய்து சொல்ல வேண்டும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே கையுறை மாட்டுவாள். "என் கழுத்தைப் பாரும்மா, ஒரு பக்கமா கோணிப் போச்சு. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க, புண்ணியமாப் போகும்" என்றாள். வழி பண்ணத்தான் போனார்கள் பாவிகள்.

நோயாளிகளிடம் பேசி என்ன வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். மைக் ரத்தக் குழாயைப் பார்த்ததும் "ஒரு கால் வருது" என்று வெளியே போனவன்தான், திரும்பவே இல்லை. ஊசிதான் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டாள். ஜன்னல் ஓரக் கட்டிலில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். திங்கள், புதன், வெள்ளி மத்தியானம் அவர் முறை. பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு.

"காலம் பூரா பஸ்ஸை ஓட்டினேன், ஒரு நாள் லேட்டா எடுத்ததில்ல. இப்ப இந்த மெஷின் என்னை ஓட்டுது. ஊசி போட ஒரு நர்ஸம்மா, ஊசின்னு பேரு வச்சுக்கிட்டு கேள்வி கேக்க நீ ஒருத்தி. நான் எங்க போவேன்?"

"உங்களுக்கு மெசேஜ் வந்தா பாப்பீங்களா ஐயா?"

"நான் எங்க பாக்க? எல்லாம் என் மருமகதான். அதோ உக்காந்திருக்கே, அவகிட்ட சொன்னா போதும். மழையா இருந்தாலும் இழுத்துக்கிட்டு வந்துடுவா."

மருமகள் வெளி பெஞ்சில் உட்கார்ந்து மாமனாரின் பழைய போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த போன் எப்போதும் நிறைந்து போய் நிற்கும். "இது போன் இல்லம்மா, குப்பைத்தொட்டி. தினமும் எதையாவது அழிச்சாத்தான் மணியே அடிக்கும்" என்றாள். பேச்சுக்குச் சொன்னாள். அந்தப் பேச்சே பின்னால் அவள் தலையில் விடிந்தது.

செய்து காட்டுகிற நாள் வந்தது. முந்தின வாரமே நிஜம் சார் சொல்லிவிட்டார்: "நோயாளி ஒன்று, நோயாளி இரண்டுன்னு போட்டுக்கிட்டு வராதீங்க. நிஜ ஆள், நிஜப் பேர் வேணும்." டிரைவரிடம் கேட்டார்கள். "தாராளமாப் போட்டுக்க. டிவியில வருமா?" என்றார் மனிதர். காலையில் மைக் அவர் பெயரை அடித்தான். போன் நம்பர் கட்டத்தில் வந்து நின்றான். அங்கேதான் ஊசி சொன்னாள்: "அவங்க வீட்டுக்கு மெசேஜ் போனா என்னமோ ஏதோன்னு பயந்துடுவாங்கடா, பாவம். என் நம்பரைப் போடு."

இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

"சரி, முடிஞ்சதும் மாத்திக்கலாம்" என்றான் மைக். எல்லோர் முன்னாலும் முறையை மாற்றிக் காட்டினார்கள். அடுத்த நொடி ஊசியின் கையில் இருந்த போன் மணி அடித்தது. அறையே கை தட்டியது. நிஜம் சார் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் நம்பரை யார் மாற்றுவது? மைக் மாற்றுவான் என்று தூக்கம் நினைத்தான். சோதனை பார்க்கிறவள் மாற்றுவாள் என்று மைக் நினைத்தான். கலருக்கு இது தன் வேலையே இல்லை. ஊசியோ, தலைவன் மாத்திக்கலாம் என்றானே என்று இருந்துவிட்டாள். பல பேர் சேர்ந்து அடித்த பாம்பு சாகாது என்று சும்மாவா சொன்னார்கள்? மார்க் வந்தது, நல்ல மார்க். நாலு பேரும் நாலு திசைக்குப் போனார்கள்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நர்ஸ் அக்கா நிஜமாகவே அந்த புரோகிராமை உபயோகிக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் எத்தனையோ குழு எதையெதையோ செய்து கொடுத்திருக்கிறது. எதையும் யாரும் தொட்டதில்லை. மைக்கைக் கேட்டாள். அவன் "தாராளமா அக்கா" என்றான், கல்யாண வீட்டில் இன்னொரு முறை சாப்பிடச் சொல்கிற மாதிரி. அவளும் உட்கார்ந்து எல்லோருடைய பெயரையும் நம்பரையும் அடித்து ஏற்றினாள். டிரைவர் பெயர் மட்டும் ஏற்கெனவே இருந்தது. வேலை மிச்சம் என்று விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு முறைக்கும் முந்தின நாள் ஞாபகப்படுத்தித் தானாகப் போகிற மெசேஜ்கள், டிரைவருக்கு உரியவை, ஊசிக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவள் பார்க்கவில்லை. சோதனை செய்த காலத்தில் புரோகிராமின் நம்பரிலிருந்து மெசேஜ் மழையாகக் கொட்டும். பாத்ரூமுக்குப் போனாலும் மணி அடிக்கும். செய்து காட்டி முடித்த அன்றைக்கே அந்த நம்பரின் சத்தத்தை அடைத்து வைத்தவள், திறக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலையத்தில் தண்ணீர் சுத்தம் செய்யும் குழாயில் கோளாறு, பழுது பார்க்க மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம் மூட வேண்டியதாயிற்று. மத்தியானக்காரர்களையெல்லாம் விடிகாலைக்கு மாற்றினாள் நர்ஸ் அக்கா. பொத்தானை ஒரு தட்டு. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள், டிரைவர் மட்டும் வரவில்லை. கை ஒழிந்ததும் திரையைப் பார்த்து அதில் இருந்த நம்பருக்கு இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? அந்த போன் ஊரின் வேறொரு கோடியில், இன்டர்வியூவுக்குப் போனவளின் பையில் கிடந்தது. வெளியே வந்து பார்த்த ஊசி, தெரியாத நம்பர், எதையாவது விற்கிறவனாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். வேலை கிடைத்த சந்தோஷம் வேறு.

டிரைவரும் மருமகளும் வழக்கம்போல மத்தியானம் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. அவள் புருஷனுக்கு போன் செய்தாள். "ஒரு நாள்தானே, நாளைக்குக் காலையில போயிக்கலாம். அப்பாவைப் போட்டு அலைக்கழிக்காத" என்றான். சனி, ஞாயிறு டயாலிசிஸ் இல்லாமல் ஏற்கெனவே கடந்த உடம்பு. தேங்கின தண்ணீர் இன்னொரு நாள் பொறுக்குமா? மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தவருக்கு மூச்சு முட்டியது. போகிற வழியிலேயே போய்விட்டார். வழக்கம்போல ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தபடியே.

ஊசிக்கு இது தெரிய வந்த விதம் இருக்கிறதே, அது இன்னும் கொடுமை. போனில் நாலு பேரும் இருந்த மெசேஜ் குழுவில் மைக் எழுதினான்: "அந்த நர்ஸ் அக்கா விட மாட்டேங்குறாங்கப்பா. ஆளு மெசேஜைப் பாத்தாரா இல்லையான்னு தெரியிற மாதிரி பண்ணித் தரணுமாம். யாரோ ஒரு டிரைவர் பாக்காம விட்டு செத்துட்டாராம். நாம என்ன ஆயுசுக்கும் அடிமையா?" ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டிருந்தான்.

ஊசி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை கழுவக்கூட இல்லை. அடைத்து வைத்திருந்ததைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்திருந்தது: "ஐயா, உங்கள் முறை நாளை காலை ஆறு மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. தவறாமல் வரவும்." அந்த வாசகம் அவளே எழுதினது. 'வரவும்' என்று மொட்டையாக இருக்கிறதே என்று 'தவறாமல்' சேர்த்ததும் அவள்தான்.

மைக்குக்குப் போன் செய்தாள். கேட்டு முடித்ததும் அவன் குரலைத் தாழ்த்தினான். மைக் மெதுவாகப் பேசினது அன்றைக்குத்தான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றான். "அவரு திரும்பி வரப் போறாரா? அடுத்த வாரம் பட்டம் தர்றாங்க. நாலு பேரோட வாழ்க்கை."

"நாலு பேரும்தானேடா செஞ்சோம். மார்க் நாலு பேருக்கும் பொதுதானே?"

"மார்க் பொது. நம்பர் உன்னோடது" என்றான்.

பட்டப்பகலில் நடுத்தெருவில் செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது அவளுக்கு. மறுநாள் நிலையத்துக்குப் போனாள், சொல்லிவிட வேண்டும் என்றுதான். நர்ஸ் அக்கா அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மெசேஜும் போயிருக்கு, நானும் ரெண்டு தடவை அடிச்சேன். அந்த மருமகப் பொண்ணு பாக்காம அழிச்சிருக்கு. நல்ல பொண்ணுதான், என்ன பண்றது, அன்னிக்கு என்ன ஞாபகத்துல இருந்துச்சோ. இப்ப நாத்தனார் வந்து கரிச்சுக் கொட்டுறாளாம், 'எங்கப்பாவை வாரிக் கொடுத்தவ'ன்னு. புருஷன்காரன் முகம் கொடுத்துப் பேசுறதில்லையாம். கையால வாங்கிச் சாப்பிடக்கூட மாட்டேங்குறானாம்."

ஊசி அவள் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். சொல்லாமலேயே திரும்பிவிட்டாள். வீட்டில் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று பிடுங்கி எடுத்தாள். கேட்டுவிட்டு, "சொன்னா உன் படிப்பு போகுமா?" என்றாள். "தெரியலம்மா." "வேலை?" "தெரியலம்மா." அம்மா எழுந்து ஊசியின் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "தெரியாததை அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பொண்ணு சாப்பிட்டாளோ இல்லையோ. போயிட்டு வா."

படிப்பு என்ன ஆயிற்று என்று நீங்கள் நினைத்துக்கொண்டே இருப்பீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் காலேஜில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மார்க் போட்டது போட்டதுதான் என்றார்கள். நிஜம் சார் அடுத்த வருஷத்திலிருந்து நிஜப் பேர் போடக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தார். அவ்வளவுதான். ஒரு மனிதர் போனதற்கு ஒரு விதி. அவள் பயந்த எதுவுமே நடக்கவில்லை, அதுவும் ஒரு தண்டனைதான் என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

டிரைவர் வீட்டுக் கதவை மருமகள்தான் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். "வாம்மா ஊசி" என்றாள், பெயரை மறக்கவில்லை. கூடத்து மூலையில் அவர் தினமும் ஏறி நின்று பார்க்கிற எடை மெஷின் இருந்தது. அவருக்குத் தண்ணீர் அளந்து கொடுக்கிற சின்ன டம்ளர் அலமாரியில் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. அவர் நாற்காலியில் யாரும் உட்காராத மாதிரி ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. உள் அறையில் புருஷன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஊசி உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று தெரியும்.

"அக்கா, அந்த மெசேஜ் உங்க போனுக்கு வரவே இல்லக்கா. நர்ஸ் அக்கா அடிச்ச போனும் வரல. எல்லாம் என் போனுக்குத்தான் வந்துச்சு. நாங்க காட்டுறதுக்காக என் நம்பரைப் போட்டோம், மாத்தல. மறந்துட்டோம்க்கா."

போனை நீட்டினாள். மருமகள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உதடு அசைய வாசித்தாள். புருஷன் வெளியே வந்து, என்ன என்று கேட்காமலே அதைப் பிடுங்கிப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் எதற்கு? 'ஒரு நாள்தானே' என்று தான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கும். பெண்டாட்டி மேல் போட்டு வைத்திருந்த பாரத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பான்?

"அப்ப நீ அழிக்கல" என்றான், அவளைப் பார்க்காமல்.

ஊசி மூச்சு விட்டாள். சொல்லியாகிவிட்டது, அந்த அக்கா இனி தலை நிமிர்ந்து நடப்பாள் என்று நினைத்தாள். சின்னப் பெண்தானே.

மருமகள் தலையை ஆட்டினாள். "இல்லங்க, அழிச்சேன்."

"அக்கா, வரவே இல்லக்கா."

"வந்துச்சும்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். நான் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன், கையெல்லாம் மாவு. மணி அடிச்சுச்சு. சுண்டுவிரலால தள்ளிப் பாத்தேன். அப்புறம் பாத்துக்கலாம்னு மூடிட்டேன். அப்புறம் மத்ததோட சேத்து அழிச்சுட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." குரல் உயரவே இல்லை. பல தடவை சொல்லிப் பழகின பாடம் மாதிரி வந்தது. "நீ நல்ல பொண்ணு. எனக்காக உன் தலையில ஏத்திக்கிற. வேண்டாம்மா."

அத்தனை பேர் சொல்லிச் சொல்லி, வராத மெசேஜை அவள் பார்த்தே விட்டாள்.

ஊசி போனை வாங்கி மேலே தள்ளிக் காட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, புதன்கிழமைக்கு ஒன்று, அதற்கு முந்தின திங்கட்கிழமைக்கு ஒன்று. எல்லாம் 'ஐயா' என்று ஆரம்பித்து 'தவறாமல் வரவும்' என்று முடிந்தன. ஒன்றுகூட அந்த வீட்டுக்கு வந்ததில்லை. மருமகள் ஒவ்வொன்றாக, கடைசி வரைக்கும், விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மடித்துப் போட்ட துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் பாத்தது எதும்மா?" என்று கேட்டாள்.

புருஷன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.